வீட்டுக்குத் தூரம்

எங்கள் வீட்டில் மாதவிலக்கு என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "தூரமாயிட்டா" என்பார்கள். விருந்தாளி இருந்தால் கொஞ்சம் நாசூக்காக, "வீட்டுக்குத் தூரம்." திண்டிவனத்தில் நான் வளர்ந்த வீட்டில் அந்தத் தூரம் அடுப்படியிலிருந்து பின்கட்டுத் திண்ணை வரைக்குமான பதினைந்து அடி. தட்டு தனி, பாய் தனி, சொம்பு தனி. மூன்று நாள் கழித்துத் தலைக்குக் குளித்துவிட்டு அந்தப் பதினைந்து அடியைத் திரும்பக் கடக்கலாம்.

நாற்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்கினேன். மாரத்தானையும் தாண்டி ஓட வேண்டும் என்ற ஆசை வந்தபோது இந்தச் சொல்தான் முதலில் நினைவுக்கு வந்தது. மாரத்தான் 42.195 கிலோமீட்டர். அதற்கு மேல் ஓடுகிற எதையும் அல்ட்ரா மாரத்தான் என்கிறார்கள். 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர், 100 மைல், ஒரே மைதானத்தை 24 மணி நேரம் சுற்றுவது, மலைப்பாதையில் பல நாள் ஓடுவது எல்லாம் இதில் அடக்கம். இந்த விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படிக்கப் படிக்க, பெண்ணை எவ்வளவு தூரம் வரை விடலாம் என்று ஆண்கள் கூடிக் கூடிப் பேசிய வரலாறாகவே அது இருந்தது. அதன் ஒரு முனை எங்கள் பழைய தென்னார்க்காட்டு மண்ணையும் தொடுகிறது என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள்

1896இல் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமில்லை. ஸ்டமாட்டா ரெவிதி என்ற ஏழைப் பெண் மாரத்தானில் ஓட அனுமதி கேட்டார், மறுத்தார்கள். மறுநாள் அதே பாதையில் தனியாக ஓடி முடித்தார். அரங்கத்துக்குள் அவரை விடவில்லை.

தடகளத்தில் பெண்களுக்குக் கதவு திறந்தது 1928இல், ஆம்ஸ்டர்டாமில். ஐந்தே ஐந்து போட்டிகள். அவற்றில் நீளமானது 800 மீட்டர். ஆகஸ்ட் 2 அன்று இறுதிப் போட்டியில் ஒன்பது பெண்கள் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் முதலில் வந்தார். அது உலகச் சாதனை. ஜப்பானின் கினுயே ஹிட்டோமி இரண்டாவது. ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். சிலர் எல்லைக்கோட்டைத் தாண்டியதும் புல்லில் படுத்தார்கள், எந்த 800 மீட்டர் ஓட்டத்திலும் ஆண்கள் படுப்பதைப் போல.

மறுநாள் பத்திரிகைகள் வேறு போட்டியைப் பற்றி எழுதின. பாதிப் பெண்கள் வழியிலேயே சுருண்டு விழுந்தார்களாம். பார்க்கவே பரிதாபமாக இருந்ததாம். ஒரு பத்திரிகையாளர் ஓடியவர்களின் எண்ணிக்கையையே பதினொன்று என்று கூட்டி எழுதி, அதில் ஐந்து பேர் பாதியில் நின்றதாகவும் கணக்குச் சொன்னார். இத்தனை தூரம் ஓடினால் பெண்கள் சீக்கிரம் கிழடு தட்டிப்போவார்கள், பிள்ளை பெற மாட்டார்கள் என்று மருத்துவத்தின் பெயரால் பேசப்பட்டது. 800 மீட்டர் நீக்கப்பட்டது. அடுத்த 32 ஆண்டுகளுக்கு ஒலிம்பிக்கில் 200 மீட்டருக்கு மேல் பெண்களுக்கு ஓட்டமே இல்லை. 1960இல் ரோமில்தான் 800 திரும்பி வந்தது. 1500 மீட்டருக்கு 1972 வரையும் மாரத்தானுக்கு 1984 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் பாஸ்டன் மாரத்தான் கதை பலருக்கும் தெரிந்தது. 1966இல் பாபி கிப், பெண்ணுடலுக்கு இது ஆகாது என்று மறுப்புக் கடிதம் வந்த பிறகு, புதர் மறைவில் காத்திருந்து கூட்டத்தோடு கலந்து ஓடினார். 1967இல் கேத்தரின் ஸ்விட்சர் தன் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவு செய்து 261ஆம் எண்ணோடு ஓடியபோது, அமைப்பாளர் ஒருவர் பாதையில் இறங்கி அந்த எண்ணைப் பிடுங்கப் பார்த்தார். அந்தப் புகைப்படம் உலகம் சுற்றியது. ஓடினால் கர்ப்பப்பை கழன்று விழுந்துவிடும் என்று அந்தக் காலத்தில் தனக்குச் சொன்னதாக ஸ்விட்சர் பின்னாளில் பலமுறை பேசியிருக்கிறார். அதைப் படித்தபோது நான் சிரிக்கவில்லை. எங்கள் பள்ளியில் நீளம் தாண்டும் போட்டிக்குப் பெயர் கொடுத்த என்னிடம் என் பெரியம்மா அதையேதான் சொன்னார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

உலகின் பழைய அல்ட்ரா ஓட்டங்களில் பெரியது தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ். அன்றைய நேட்டால் மாகாணத்தின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் டர்பன் துறைமுகத்துக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர். முதல் உலகப் போரில் செத்த சிப்பாய்களின் நினைவாக விக் கிளாப்பம் என்பவர் 1921இல் தொடங்கினார். முதல் ஆண்டு 34 ஆண்கள் புறப்பட்டார்கள். 16 பேர் போய்ச் சேர்ந்தார்கள். 1923இல் ஃபிரான்சஸ் ஹேவார்ட் பெயர் கொடுத்தபோது மறுத்தார்கள். அவரும் ஏதென்ஸ் ரெவிதியைப் போல எண் இல்லாமலே ஓடி, 11 மணி 35 நிமிடத்தில் டர்பனை அடைந்தார். பெண்களும் வெள்ளையரல்லாதவர்களும் முறைப்படி ஓட 1975 வரை ஆயிற்று. இரண்டு கதவுகளும் ஒரே ஆண்டில் திறந்தது தற்செயல் அல்ல. பூட்டியது ஒரே கைதான்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்ற பெயரை நான் அதற்கு முன்பே படித்திருக்கிறேன். 1893இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர் அது. தில்லையாடி வள்ளியம்மை சிறையிருந்த ஊரும் அதுதான்.

1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போன இந்தியர்கள் சுமார் 1,52,000 பேர். பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள்: வடார்க்காடு, செங்கல்பட்டு, தென்னார்க்காடு மாவட்டத்துக்காரர்கள். விழுப்புரமும் திண்டிவனமும் அப்போது தென்னார்க்காட்டுத் தாலுக்காக்கள். கரும்புத் தோட்டத்தில் பெண்ணுக்கு ஆண்கூலியில் பாதி. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி. அந்த வரியில் மட்டும் பெண்ணுக்குப் பாதி கிடையாது, முழுசாகக் கட்ட வேண்டும். 1913 மார்ச்சில் கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்று கேப் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை போராட்டத்துக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த பெண்கள் உள்ளே வந்தார்கள். டிரான்ஸ்வாலிலிருந்து ஒரு சிறு குழு, பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், சிலர் இடுப்பில் கைக்குழந்தையோடு, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்த் தொழிலாளரிடம் பேசினார்கள். சுரங்கங்கள் நின்றன. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல். இடம் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறை.

1913 நவம்பர் 6 அன்று சார்லஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையை நோக்கிப் பெரும் நடைபயணம் புறப்பட்டது. காந்தி தரும் கணக்கு: 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஒரு அவுன்ஸ் சர்க்கரை. வழியில் இரண்டு கைக்குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரிலும் வெயிலிலும் கிடந்து. இன்னொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி நீரில் போயிற்று. தாய்மார்கள் நிற்கவில்லை, தொடர்ந்து நடந்தார்கள் என்று தென்னாப்பிரிக்க சத்தியாகிரக வரலாற்றில் காந்தி எழுதுகிறார். அதை அவர் மனவுறுதிக்குச் சான்றாக எழுதுகிறார். எனக்கு அப்படி மட்டும் படிக்க முடியவில்லை. நின்று அழக்கூட அவர்களுக்கு இடமிருந்ததா என்றே கேட்கத் தோன்றுகிறது. அந்த 127 பேரின் பெயர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை அந்த டிசம்பரில் தாயோடு கைதாகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, விடுதலையாகிச் சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். வயது பதினாறு. ஏழு ஆண்டுகள் கழித்து அதே நகரத்திலிருந்துதான் அந்த 34 ஆண்கள், மனித உடலின் தாங்குதிறனைக் காட்டுவதற்காக ஓடத் தொடங்கினார்கள்.

இரண்டு பொய்கள்

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவானது. பெண்ணுடலைப் பற்றி ஒரே காலத்தில் இரண்டு பொய்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. 800 மீட்டர் ஓடினால் செத்துவிடுவாள் என்பது ஒன்று. எவ்வளவு போட்டாலும் சுமப்பாள், எவ்வளவு தூரமானாலும் நடப்பாள் என்பது இன்னொன்று. முதல் பொய் மேல்தட்டு வெள்ளைப் பெண்ணுக்கு. இரண்டாவது கறுப்புப் பெண்ணுக்கும் கூலிப் பெண்ணுக்கும். நம் ஊரில் இவற்றைச் சாதி பார்த்துப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். வாசல்படி தாண்டாத பெண் குடும்ப மானம். வெயிலில் நாற்று நடும் பெண் வெறும் ஆள்கணக்கு. நட்டவள் களைத்துப்போவாள் என்று எந்த மருத்துவரும் கட்டுரை எழுதவில்லை.

என் ஆயா மயிலத்துக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். சந்தை நாளில் விடியுமுன் தலையில் மல்லாட்டை மூட்டையோடு கிளம்பி, திண்டிவனம் வந்து விற்றுவிட்டு, அரிசியும் உப்பும் வாங்கிக்கொண்டு பொழுது சாயத் திரும்புவாள். போக வர இருபது மைல் இருக்கும். நான் 30 கிலோமீட்டர் ஓடி முடித்துக் கழுத்தில் பதக்கத்தோடு எடுத்த படத்தை வீட்டில் காட்டியபோது அம்மா சொன்னாள்: "எங்கம்மா வாரா வாரம் போய் வந்துது. அதுக்கு யார் மெடல் குடுத்தா?"

இதைக் கேட்டதும், 'நம் பாட்டிகள்தான் முதல் அல்ட்ரா ஓட்டக்காரிகள்' என்று எழுதத் தோன்றும். எழுதக் கூடாது என்று நினைக்கிறேன். ஆயாவுக்கு அந்த நடை பிடித்திருந்ததா என்று யாரும் கேட்டதில்லை. நிறுத்திக்கொள்ளும் உரிமை அவளுக்கு இல்லை. ஓட்டக்காரிக்கு எந்த நொடியிலும் அது உண்டு. வேண்டுமென்றே ஒரு தூரத்தை எடுத்துக்கொள்வதும், வேறு வழியில்லாமல் தூரத்தைச் சுமப்பதும் வேறு வேறு. ஆயாவின் நடையை விளையாட்டாக்கினால் அவளுக்குக் கிடைக்காத பேருந்தையும் கூலியையும் மறைத்துவிடுவோம். ஆனாலும் அவள் கால்கள் ஒரு சாட்சி. பெண்ணால் முடியாது என்று ஆம்ஸ்டர்டாமில் சொன்னதை, அவளைப் போன்றவர்களின் கால்கள் தினமும் பொய்யாக்கிக்கொண்டிருந்தன. பார்க்கத்தான் யாருமில்லை.

நானூறு மீட்டர்

இதெல்லாம் பழங்கதை என்பவர்கள் ஒருநாள் விடியற்காலை விழுப்புரத்துக்கு வரலாம். காவலர் தேர்வு அறிவிப்பு வந்துவிட்டால் காகுப்பம் ஆயுதப்படை மைதானத்தின் சுற்றுப்புறமும் புறவழிச்சாலை ஓரமும் ஓடும் பிள்ளைகளால் நிறைந்துவிடும். கிராமத்துப் பெண்கள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கடைத்தெருவில் வாங்கிய கேன்வாஸ் ஷூவோடு ஓடுவார்கள். அவர்களுக்கு ஓட்டம் என்றால் அரசாங்கச் சம்பளம், அதாவது கல்யாணத்தை நாலு வருஷம் தள்ளிப்போடக் கிடைக்கும் ஒரே காரணம்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், இரண்டரை நிமிடம். நேரத்தில் சலுகை தருவது வேறு. தூரத்தையே ஏறக்குறைய கால்வாசியாக வெட்டுவது வேறு. பணியில் சேர்ந்தபின் திருவிழாப் பந்தோபஸ்தில் கழிப்பறைகூட இல்லாமல் பத்து மணி நேரம் நிற்கும்போது யாரும் தூரத்தைக் குறைப்பதில்லை. இரண்டு பொய்களும் ஒரே சீருடைக்குள் இருக்கின்றன.

800 மீட்டர் என்றால் தமிழ்நாட்டுக்கு இன்னொரு பெயரும் நினைவு வர வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள், தலித் பெண். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள்; செய்தியை அவர் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. பிறகு பிழைப்புக்காகச் சூளையிலும் வேலை செய்தார். 1928இல், பெண் என்பதால் 800 மீட்டர் ஓட முடியாது என்றார்கள். 2006இல், இவ்வளவு நன்றாக ஓடினால் நீ பெண்ணே இல்லை என்றார்கள்.

எட்டு மணி நேரம்

பிறகு ஏன் ஓட வேண்டும்? அதுவும் இத்தனை தூரம்?

உடலின் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வரை தாங்கும். அதன்பின் கால் கல்லாகும், புத்தி மந்தமாகும். அல்ட்ரா ஓட்டம் என்பது அந்தச் சுவருக்குப் பிறகு தொடங்கும் விளையாட்டு. கொழுப்பை எரித்து மெதுவாகப் போக வேண்டும், ஓடிக்கொண்டே சாப்பிட வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். என்னிடம் கடலைமிட்டாயும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும் இருக்கும். தொடை உரசிப் புண்ணாகும், கால் நகம் கறுத்துக் கழலும். வேகம் இங்கே முக்கியமில்லை, பொறுமைதான் முக்கியம். சாதனைப் பட்டியலில் ஆண்கள் இன்னும் முன்னால்தான் இருக்கிறார்கள். ஆனால் பெண்கள் மாரத்தானில் வேகத்தை ஆண்களைவிடச் சீராகப் பிடிக்கிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் நடக்கும் 135 மைல் பேட்வாட்டர் ஓட்டத்தில் 2002, 2003 இரண்டு ஆண்டும் ஆண்களையும் சேர்த்து முதலில் வந்தவர் பாம் ரீட் என்ற பெண்.

2019 ஜனவரியில் பிரிட்டனில் 268 மைல் ஸ்பைன் ஓட்டத்தை ஜாஸ்மின் பாரிஸ் 83 மணி 12 நிமிடத்தில் முடித்தார். ஆண்களையும் சேர்த்து முதலிடம். பழைய சாதனையைவிட 12 மணி நேரம் குறைவு. அப்போது அவர் ஒன்றேகால் வயதுகூட ஆகாத மகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய். வழியில் தங்குமிடங்களில் நின்று பாலைப் பீய்ச்சி எடுத்துவிட்டு ஓடினார். அதைப் படித்த இரவு, ஓடையில் குழந்தையை விட்ட அந்தப் பெயரில்லாத தாயை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். இருவர் உடம்பும் ஒன்றுதான். ஒருத்திக்கு நின்று பால் பீய்ச்ச அறை இருந்தது, வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது.

தூரத்துக்கான தகுதி நுரையீரலில் மட்டும் இல்லை. எட்டு மணி நேரம் வீட்டில் இல்லாமல் இருக்க முடிகிறதா என்பதில் இருக்கிறது. எனக்கு இந்த ஓட்டத்தின் ஈர்ப்பே அதுதான். எட்டு மணி நேரம் யாருக்கும் சோறு போடவில்லை, யாருடைய சாவியும் எங்கே என்று சொல்லவில்லை. அடுத்த கைகாட்டி மரம் வரை போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஐம்பது வயதுக்குள் ஒரு பெண்ணுக்கு இப்படி ஒரு நாள் கிடைப்பதே அரிது.

கோலியனூர் கூட்ரோடு

விழுப்புரம் மாவட்டத்திலேயே, ஆரோவில்லில், 2008 முதல் பிப்ரவரியில் செம்மண் பாதையில் மாரத்தான் நடக்கிறது. போட்டிக்காக அல்ல, ஓடும் இன்பத்துக்காக என்பது அதன் கொள்கை. நான் அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஆனால் என் முதல் அல்ட்ராவைச் சொந்தச் சாலையில் ஓட வேண்டும் என்று நினைத்தேன். திண்டிவனம், மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்புரம்: கல்லூரிக் காலத்தில் பாசஞ்சர் வண்டியில் மனப்பாடமான பெயர்கள். தண்டவாளக் கணக்கில் 37 கிலோமீட்டர். இன்னும் கொஞ்சம் நீட்டிக் கோலியனூர் கூட்ரோடு வரை போனால் மாரத்தானைத் தாண்டிவிடும்.

தைப்பூசத்தை ஒட்டிய ஒரு ஞாயிறு, அதிகாலை மூன்றரை மணி. தனியாக ஓடினேன் என்று எழுத ஆசைதான். தோழி ஒருத்தி ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்தாள். அவள் இல்லாமல் இருட்டில் அந்தச் சாலையில் இறங்க எனக்குத் தைரியமில்லை. எந்த ஆணும் தன் ஓட்டத்தில் இந்தச் செலவைக் கணக்கு வைப்பதில்லை.

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால் எதிரே சிவப்பாக ஒரு வரிசை தெரிந்தது. மேல்மருவத்தூருக்கு நடந்து போகும் செவ்வாடைப் பெண்கள். மாதவிலக்கு நாளிலும் பெண்கள் கருவறைக்குள் போய்ப் பூசை செய்யலாம் என்று வைத்த கோயில் அது. பக்தி எனக்கில்லை. ஆனால் இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு, புருஷனைக் கேட்காமல் மூன்று நாள் சாலையில் நடக்க ஒரு காரணம் தந்தது அந்தச் சேலைதான் என்பதை மறுக்க மாட்டேன். ஒரு அம்மா என்னை நிறுத்தி, "யாராவது தொரத்துறாங்களாம்மா?" என்றார். இல்லை, சும்மா ஓடுகிறேன் என்றேன். "சும்மாவா?" என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார்.

அன்றைக்கு எனக்கு இரண்டாம் நாள். பஞ்சு மாற்ற வேண்டியிருந்தது. வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு. சாவி வைத்திருப்பவர் எட்டு மணிக்குத்தான் வருவார் என்றார்கள். தோழி துப்பட்டாவை விரித்துப் பிடிக்க, கரும்புக் கொல்லை ஓரத்தில் மாற்றிக்கொண்டேன். விக்கிரவாண்டி ஆற்றுப் பாலத்தில் வெயில் ஏறியது. முண்டியம்பாக்கத்தில் வாந்தி எடுத்தேன். அங்கிருந்து பத்து நிமிடம் ஓட்டம், ஐந்து நிமிடம் நடை. கோலியனூர் கூட்ரோட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது மணி பதினொன்றரை. அம்மாவுக்குப் போன் செய்தேன். "எங்கடி இருக்க?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ரொம்ப தூரம்" என்றாள்.

அடுத்த மாதம் விழுப்புரத்தில், போலீஸ் தேர்வுக்குப் பயிற்சி செய்யும் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தேன். "நானூறு மீட்டர் ஓடினா போதும்க்கா. மேல ஓடி எங்களுக்கு என்ன ஆவப்போவுது?" என்றாள் ஒருத்தி. நியாயமான கேள்வி, என்னிடம் பதில் தயாராக இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். மூன்று பேர் வந்தார்கள். ஓடியும் நடந்தும் முண்டியம்பாக்கம் வரை போனோம். திரும்பும்போது பேருந்தில் ஏறலாமா என்று கேட்டேன். கேள்வி கேட்ட அந்தப் பெண், "நீங்க ஏறுங்கக்கா, நாங்க வந்துடுறோம்" என்றாள்.